ஃபார்வர்டு வந்த மறுநாள் காலை

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊரடங்கிலும் திறந்திருக்க அனுமதி இருந்த கடை என்பதால் கொரோனாக் காலம் முழுக்க கவுண்டருக்குப் பின்னால்தான் நின்றேன். எந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஊரில் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் போன் தேவைப்படவில்லை. ராத்திரி ஒரு செய்தி கிளம்பினால், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அதில் சொன்ன மருந்தைக் கேட்டு ஆள் நிற்கும்.

2020 மார்ச்சில் அது ஹைட்ராக்சிகுளோரோகுயின். கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும், தொற்று உறுதியானவரின் வீட்டில் இருப்பவர்களுக்கும் முன்தடுப்பாகக் கொடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லியிருந்தது. ஃபார்வர்டில் அந்த இரண்டு பிரிவும் உதிர்ந்துபோய், 'கொரோனாவுக்கு மாத்திரை வந்தாச்சு' என்பது மட்டும் மிச்சம். முடக்குவாதத்துக்கும், லூபஸ் என்ற நோய்க்கும் வருடக்கணக்கில் அதையே சாப்பிட்டு வருகிறவர்கள் எங்கள் பகுதியில் உண்டு. அவர்களுக்கு இல்லாமல் போய்விடக் கூடாதே என்று இருந்த அட்டைகளை எடுத்து உள்ளே வைத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் தரவில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்த ஜூனிலேயே பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு இந்த மாத்திரையால் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை எந்தக் குழுவிலும் யாரும் போட்டு நான் பார்க்கவில்லை. மருந்து வேலை செய்யும் என்ற செய்தி ஓடுகிற வேகத்தில், வேலை செய்யாது என்ற செய்தி ஓடுவதில்லை.

நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருந்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளா. இங்கே பாதி வீட்டில் மலையாளச் சானலும் ஓடும். கொரோனாக் காலத்தில் சாயங்காலம் ஆனால், அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் உட்கார்ந்து தொற்றுக் கணக்குச் சொல்வதைக் கேட்டுவிட்டு, அப்புறம் சென்னையிலிருந்து வரும் கணக்கைப் பார்த்தவர்கள் நாங்கள். மகளைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்தவர்கள், நெய்யாற்றின்கரையில் வேலை செய்கிறவர்கள் என்று இரண்டு பக்கமும் போக்குவரத்து. அதனால் அந்தப் பக்கத்து விதி இந்தப் பக்கம் விதியாகப் பரவும். 2021 மே மாதம் கேரளாவில் 8ஆம் தேதி முழு ஊரடங்கு, தமிழ்நாட்டில் 10ஆம் தேதி. இரண்டு அறிவிப்பும் ஒரே சமயத்தில் குழுக்களில் சுற்றியபோது, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்று ஒரே நாளில் கூட்டம். அன்றிலிருந்து யார் எந்தச் செய்தியைக் காட்டினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இது எந்த மாநிலம், எந்தத் தேதி? நிறையச் செய்திகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பொய் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. போனைக் கையில் வைத்திருப்பவரே மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "தேதி போடல்லியே அக்கா" என்பார்.

தேதிக்கு அடுத்தது, முடிவு வந்துவிட்டதா என்பது. 2020 மார்ச் கடைசியில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் தனிமை வார்டில் இருந்த சிலர் இறந்தார்கள். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்துக் குழுக்களில் அது கொரோனா மரணம் ஆகிவிட்டது. அவர்களுக்கு ஏற்கெனவே வேறு நோய்கள் இருந்தன என்று அரசு சொன்னபோது, மறைக்கிறார்கள் என்று அடுத்த சுற்று ஆரம்பித்தது. தனிமை வார்டு என்பது சந்தேகத்தில் வைக்கும் இடம், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கொரோனா நோயாளிகள் இல்லை என்பதை வாடிக்கையாளர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்வார்கள். ஆனாலும் 'மறைக்கிறான்' என்ற எண்ணம் போகாது.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் இதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. எங்கள் கடைக்குக் குறும்பனை, வாணியக்குடி, குளச்சல் பக்கத்திலிருந்து கடலோர மக்கள் வருவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எத்தனை பேரைக் காணவில்லை என்ற கணக்கிலேயே அரசுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பங்குத்தந்தையரும் ஊர்க்காரர்களும் வீடு வீடாக எடுத்த பட்டியலைத்தான் மக்கள் நம்பினார்கள். அந்த வீடுகளிலிருந்து வருகிற ஒருவர் மூன்று வருடம் கழித்து, "சர்க்கார் சொல்லுக கணக்க நான் நம்ப மாட்டேன்" என்றால், அது படிப்பறிவில்லாத பேச்சு இல்லை. அவருடைய அனுபவம் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவரிடம் போய் அறிவியல் மனப்பான்மை இல்லை என்று குழுவில் எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

எங்கள் குடும்பக் குழுவில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். சித்தப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தம்பி பெங்களூரில் ஐ.டி. வேலை. 2021 மே மாதம் சித்தப்பா ஒரு படம் போட்டார். வெள்ளைமுடி வைத்த வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் படம், கீழே 'ஊசி போட்ட எல்லோரும் 2 வருடத்தில் இறந்துவிடுவார்கள், நோபல் பரிசு பெற்றவர் எச்சரிக்கை' என்று. பத்து நிமிடத்தில் தம்பி ஆங்கிலத்தில் மூன்று லிங்க் போட்டான். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது. அப்புறம் தம்பி, "இதெல்லாம் போட வெக்கமா இல்லியா சித்தப்பா" என்றான். அத்தை மகன் ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டான். சித்தப்பா குழுவை விட்டுப் போய்விட்டார்.

தம்பி சொன்ன தகவல் சரியானதுதான். ஆனால் சித்தப்பாவுக்கு அப்போது 68 வயது, சுகர் உண்டு, ஊசி போடாமல் வீட்டில் இருக்கிறார். குழுவில் எல்லோரும் தம்பி ஜெயித்ததாக நினைத்தார்கள். அந்த ஜெயிப்பால் ஊசி போடாத ஒருவர் ஊசியிலிருந்து இன்னும் தூரம் போனார் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

மறுவாரம் சுகர் மாத்திரை வாங்க சித்தப்பா கடைக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் படத்தையே எடுத்துப் பேசினேன். அந்த மனிதர் உண்மையான ஆள்தான் என்று முதலில் சொன்னேன். பெயர் லூக் மோன்டக்னியே. எய்ட்ஸ் வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 2008இல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர். கொரோனா ஊசியை அவர் எதிர்த்துப் பேசியதும் உண்மைதான். கூட்டமாக ஊசி போடுவதால்தான் புது உருமாற்ற வைரஸ்கள் வருகின்றன என்று ஒரு பேட்டியில் சொன்னார், மற்ற விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் 2 வருடத்தில் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று அந்தப் பேட்டியில் அவர் சொல்லவில்லை. அதை யாரோ சேர்த்திருக்கிறார்கள். மத்திய அரசின் செய்தித் தகவல் பிரிவும் அது பொய் என்று அறிவித்தது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ ஆளு உள்ள ஆளுதான்" என்றார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தான் பார்த்ததில் ஒரு பகுதி உண்மை என்று ஒருவர் ஒத்துக்கொண்டதும், மிச்சத்தைக் கேட்க அவர் தயாரானார். தம்பி போட்ட லிங்க்கிலும் இதே விவரம் இருந்தது. ஆனால் 'வெக்கமா இல்லியா' என்ற வார்த்தையோடு வந்ததால் அது உள்ளே போகவில்லை. பரவுகிற பொய்களில் பெரும்பாலும் ஒரு உண்மையான பெயரோ, உண்மையான சம்பவமோ இருக்கும். அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று காட்டினால் எதிரே இருப்பவருக்கு மானக்கேடு இல்லை. இதை நான் கவுண்டரில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன்.

"சரி மக்கா, ஊசிக்கு எதுக்கு கெடு மாத்திக்கிட்டே இருக்கான்?" என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி அது. கோவிஷீல்டுக்கு முதலில் 4 முதல் 6 வாரம் இடைவெளி என்றார்கள். மார்ச்சில் 8 வாரம் வரை போகலாம் என்றார்கள். மே 13 அன்று 12 முதல் 16 வாரம் ஆக்கினார்கள். ஸ்டாக் இல்லாததால் இழுக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இங்கே அரசுக்காக வாதாட நான் முயலவில்லை. தட்டுப்பாடு இருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டோக்கன் வாங்க வரிசை நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதே சமயம், அந்த ஊசியை ஆய்வு செய்த குழு பிப்ரவரியிலேயே ஒரு முடிவை வெளியிட்டிருந்தது. இரண்டு ஊசிக்கும் இடையில் 6 வாரத்துக்கும் குறைவாக இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு சுமார் 55 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு 81 சதவீதம். இரண்டு காரணமும் உண்டு என்று சொன்னேன். தட்டுப்பாடே இல்லை என்று நான் சொல்லியிருந்தால், 81 என்ற எண்ணையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

முகக்கவசத்திலும் இதேதான் நடந்தது. பொதுமக்கள் எல்லோரும் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்தில் சொல்லவில்லை. 2020 ஜூன் 5 அன்றுதான் பரவல் உள்ள இடங்களில் துணி முகக்கவசம் போடச் சொன்னது. மாற்றம் வந்ததே ஏமாற்று வேலைக்கு அத்தாட்சி என்று சிலர் பேசினார்கள். புதிதாக ஒரு நோய் வரும்போது தெரிவது கொஞ்சம், தெரியத் தெரிய ஆலோசனை மாறும். மாறும்போது 'நேற்று இப்படிச் சொன்னோம், இந்தக் காரணத்தால் இன்று மாற்றுகிறோம்' என்று சொல்ல வேண்டியது அறிவிக்கிறவர்களின் கடமை. அந்தக் காரணம் தமிழில், நாலு வரியில், அதே நாளில் வந்து சேர்ந்திருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சித்தப்பா அந்தப் படம் போடுவதற்கு முந்தின மாதம், 2021 ஏப்ரலில், நடிகர் விவேக் விஷயம். 15ஆம் தேதி டி.வி. கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டு எல்லோரையும் போடச் சொன்னார். 17ஆம் தேதி காலை மாரடைப்பில் இறந்தார். அந்தக் காலை கடையில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. ஊசிக்குப் போகக் கிளம்பி, ஜுரம் வந்தால் போட மாத்திரை வாங்கி வைத்திருந்த அம்மா ஒருவர் மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவரிடம் 'சம்பந்தமே இல்லை' என்று அன்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அன்று விசாரணை முடிந்திருக்கவில்லை. ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஊசி இல்லாத காலத்திலும் தினமும் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது, ஒன்றுக்கு அப்புறம் இன்னொன்று நடந்தால் முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று ஆகாது, அதை விசாரிக்கத்தான் ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு இருக்கிறது என்றேன். அந்தத் தேசியக் குழு ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம் மிகவும் நீண்ட காலம். அதற்குள் வதந்தி எல்லா வீட்டையும் சுற்றி முடித்துவிட்டது. முடிவு வந்த அன்று பேப்பர் செய்தியை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

மூன்றாவது அலை சமயத்தில் வந்த பேச்சு, "ஆஸ்பத்திரியில கிடக்கதுல பாதிக்கு மேல ஊசி போட்டவங்களாக்கும்." இதைச் சொன்னவர் ரப்பர் வெட்டுகிறவர், கணக்கில் புலி. பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கணக்குக்காக ஒரு ஊரில் 1000 பேர் என்று வையுங்கள், 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது 15 பேர். அதில் 9 பேர் போட்டவர்கள், 6 பேர் போடாதவர்கள். பார்த்தால் போட்டவர்கள்தான் அதிகம். ஆனால் 900இல் 9 என்றால் நூற்றுக்கு ஒருவர். 100இல் 6 என்றால் நூற்றுக்கு ஆறு பேர். அவர் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இதையே குழுவில் நீளமாக எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். தாளில் எழுதும்போது அவரும் கூடவே கணக்குப் போடுகிறார், இடையில் நிறுத்திக் கேட்கிறார்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்பதும் முக்கியம். கபசுரக் குடிநீரைப் பற்றி நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. அரசே கொடுத்தது, குடிக்கிறவருக்கு மனதுக்குத் தெம்பு. "குடிங்க, கூடவே விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாருங்க" என்பேன். ஆனால் 2021 ஏப்ரலில் வந்த இன்னொரு ஃபார்வர்டு அப்படியல்ல. கற்பூரம், ஓமம், கிராம்பை மூட்டையாகக் கட்டி மோந்தால் ஆக்சிஜன் ஏறும் என்றது. அந்த வாரம் கற்பூரம் வாங்கிய பையோடு என் கடைக்கு வந்து ஆக்சிமீட்டரும் கேட்டார் ஒரு இளைஞர். அவருடைய அம்மாவுக்கு மூச்சு இரைக்கிறது, மோக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு அளக்கலாம் என்று நினைத்திருக்கிறார். அங்கே பொறுமையாகப் பேச நேரமில்லை. முதலில் அளவு பார், விரல் சூடாக இருக்கட்டும், நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடு, 94க்குக் கீழே இருந்தால் வண்டி பிடி என்று குரலை உயர்த்தியே சொன்னேன். வீட்டிலிருந்து போன் செய்தார், 88. ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள், நல்லபடியாகத் திரும்பி வந்தார் அந்த அம்மா. கற்பூரம் ஆக்சிஜனை ஏற்றாது. குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வைக்கிற எந்தச் செய்தியையும் மரியாதை கருதி விட்டுவிடக் கூடாது. மற்றவற்றுக்கு நாளைக்குப் பேசலாம், இதற்கு இப்போதே.

கொரோனாவே இல்லை, காசுக்காகச் சொல்கிறார்கள் என்ற பேச்சு 2020 ஆகஸ்ட் 28 அன்று எங்கள் பகுதியில் பெரிய அளவில் அடங்கியது. அப்போது நம் எம்.பி.யாக இருந்த வசந்தகுமார் கொரோனா தொற்றி இறந்த நாள் அது. காசும் வசதியும் உள்ளவருக்கே இப்படியா என்று ஊர் அதிர்ந்தது. ஒரு இறப்புதான் ஒரு உண்மையை நம்ப வைக்க வேண்டியிருந்தது என்பது இன்றும் எனக்கு ஆறாத விஷயம்.

ஊசி விஷயத்தில் மனம் மாறியவர்களை நான் பார்த்தவரை, வாட்ஸ்அப் குழுவில் வாதாடி மாறியவர் ஒருவரும் இல்லை. கிராம சுகாதார நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே போட்ட ஊசிகளைச் சொல்லிச் சொல்லிப் பேசியதில் மாறினார்கள். பங்குச் சாமியார் கோயிலில் பூசை முடிவில் தான் போட்டுக்கொண்டதைச் சொன்னதில் மாறினார்கள். அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) கூட வேலை செய்கிற பெண் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு வந்ததைப் பார்த்து மாறினார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று மெகா முகாம் நடந்தபோது சித்தப்பா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொண்டார். தம்பிக்கு அவர் சொல்லவில்லை. மைனியிடம் (அண்ணியிடம்) சொன்னார். மைனிதான் அவரைக் குழுவில் திரும்பச் சேர்த்தார்.

குழுவுக்கு அட்மின் இப்போது மைனி. உடம்பு சம்பந்தமாக யார் எதைப் போட்டாலும் தேதி, இடம், சொன்னது யார் என்று மூன்றும் வேண்டும் என்று வைத்திருக்கிறார். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம், அப்படி வந்ததைப் போட்டவரிடம் தனியாகக் கேட்பார், குழுவில் கேட்க மாட்டார். இந்தத் தனியாகக் கேட்கிற பழக்கம் தம்பிக்கும் வந்துவிட்டது. லிங்க் அனுப்பாமல் சித்தப்பாவுக்குப் போன் போடுகிறான்.

கேரளாவில் நிபா வைரஸ் என்று செய்தி வரும்போதெல்லாம் மறுநாள் காலை கடையில் முகக்கவசம் கேட்பார்கள், பழம் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள், கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, எந்த ஜில்லாவில், எத்தனை பேருக்கு, உறுதியானதா சந்தேகமா என்று கேரள சுகாதாரத்துறை சொன்னதை அன்றைய தேதியோடு பலகையில் எழுதி வைக்கிறேன். மறுநாள் மாறினால் பழையதை அழிக்காமல் கீழே புதியதை எழுதுகிறேன். எனக்குத் தெளிவாகத் தெரியாத கேள்வி வந்தால் அவர்கள் முன்னாலேயே மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறேன். தமிழ்நாடு முழுக்க அந்த எண்தான், தமிழிலேயே கேட்கலாம். கேட்ட பதிலைக் குழுவில் போடுகிறவர்களிடம், எப்போது கேட்டது என்பதையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.